பெரிய வீரர் ஒருவர் ஊக்கமருந்தில் மாட்டினார் என்று செய்தி வந்தால் எதை நம்புவது?

திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கும் ஒருவரின் கேள்வி இது. பெயர்பெற்ற வீரர் ஒருவரைப் பற்றி இப்படிச் செய்தி வந்தால் மக்கெய்சர் மைதானத்தில் பாதிப்பேர் “கள்ளன்” என்கிறார்கள், மிச்சப்பேர் “சதி” என்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்கிறார்.

முதல் நாள் செய்தியை வைத்து இரண்டையுமே சொல்ல ஏலாது என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் வெளியில் தெரிவது பெரும்பாலும் ‘ஏ’ மாதிரியின் முடிவு மட்டும்தான். அது எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினாலே பாதிக் கதை அடங்கிவிடும்.

வீரரின் சிறுநீர் குறைந்தது 90 மில்லிலீற்றர் வேண்டும். ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு போத்தல்கள் உள்ள முத்திரையிட்ட பெட்டிகள் சிலவற்றில் ஒன்றை வீரரே தெரிவு செய்வார். ‘பி’ போத்தலில் 30, ‘ஏ’ போத்தலில் 60 என்று அவரே ஊற்றி, மூடியை இனித் திரும்பாது என்னும்வரை இறுக்குவார். அந்த மூடியை உடைக்காமல் திறக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். பாத்திரத்தின் அடியில் மிஞ்சுவதை வைத்து அடர்த்தி பார்ப்பார்கள். 1.005க்குக் கீழே போனால் இன்னொரு மாதிரி கொடுக்க வேண்டும். போட்டி முடிந்த கையோடு போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகள் இங்கேதான் மணிக்கணக்காகக் காத்திருக்க நேரும். ஆய்வுகூடத்துக்குப் பெயர் போகாது, இலக்கம் மட்டும்தான் போகும். ‘ஏ’யில் ஏதும் அகப்பட்டால் ‘பி’யைத் திறக்கும்படி வீரர் கேட்கலாம், திறக்கும்போது தானோ தன் ஆளோ பக்கத்தில் நிற்கலாம். அதற்குப் பிறகு விசாரணை, பிறகு மேன்முறையீடு.

இதற்குள் இடைக்காலத் தடை வந்துவிடும். ஸ்டெரொய்ட் போன்ற மருந்துகளுக்கு அது கட்டாயம், போடுவதா விடுவதா என்று தீர்மானிக்க விளையாட்டு நிறுவனத்துக்கு இடமில்லை. ஆனால் பேப்பரில் “தடை” என்ற சொல்லைப் பார்த்ததும் தீர்ப்பே வந்துவிட்டதாக ஊர் நினைக்கிறது. குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

இலங்கைக் கிறிக்கெட் வீரர் குசல் ஜனித் பெரேராவின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின் நடுவில் அவர் நிறுத்தப்பட்டார். மாதிரியைப் பரிசோதித்தது கட்டாரில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம். ஆசியக் கிண்ணம் போனது, இருபது ஓவர் உலகக் கிண்ணம் போனது. 2016 மே மாதம் அந்த ஆய்வுகூடமே தன் முடிவை மீளப் பெற்றது, ஐசிசி குற்றச்சாட்டைக் கைவிட்டது. “கள்ளன்” என்று எழுதியவர்களில் எத்தனை பேர் மே மாதத்தில் திரும்ப எழுதினார்கள்? குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் வரும், விடுதலை உள்பக்கத்தில் ஒரு மூலையில் வரும். அநியாயம்தான், ஆனால் வழமை இதுதான்.

சரி, அப்படியானால் “சதி” என்பவர்கள்தான் சரியா? கோமதி மாரிமுத்துவைப் பாருங்கள். திருச்சிப் பக்கத்துப் பெண். 2019 ஏப்ரலில் டோஹா ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றரில் தங்கம். அவருடைய சப்பாத்துப் படம் வரைக்கும் தமிழ் பேசும் இடமெல்லாம் பகிரப்பட்டது. அடுத்த மாதமே நண்ட்ரோலோன் என்ற ஸ்டெரொய்ட் விவகாரம். ஏழைப் பெண்ணை விழுத்தச் சதி என்ற பேச்சு உடனே கிளம்பியது. வேதனை விளங்குகிறது. ஆனால் அகப்பட்டது ஒரு மாதிரியில் மட்டுமல்ல, வெவ்வேறு நாட்களில் எடுத்த பல மாதிரிகளில். கை தவறியது, போத்தல் மாறியது என்ற வாதம் அந்த இடத்தில் நிற்காது. நான்கு வருடத் தடை வந்தது, பதக்கம் பறிபோனது. வறுமையில் இருந்து வந்தவர் என்பது மருந்து எடுக்கவில்லை என்பதற்கு ஆதாரம் இல்லை. அதேபோல, ஒரு குக்கிராமத்துப் பிள்ளைக்கு அந்த மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்ற கேள்வியைச் சனம் கேட்கவே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

சதியே நடப்பதில்லை என்றும் சொல்லக்கூடாது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்ய அரசாங்கமே பின்னால் நின்றது. ஆய்வுகூடச் சுவரில் இருந்த ஓட்டை வழியாக இரவில் போத்தல்கள் கைமாறின, திறக்க ஏலாது என்ற மூடிகள் திறக்கப்பட்டன. ஆனால் அதற்கும் தடயம் இருந்தது. மூடிகளின் உட்புறத்தில் கீறல், மனித உடம்பில் இருக்க முடியாத அளவு உப்பு, பெண் வீராங்கனைகளின் மாதிரியில் ஆணின் மரபணு. ஆகவே யாராவது சதி என்றால், தடயம் எது என்று கேளுங்கள். இன்னொன்று, சோச்சியில் சதி நடந்தது மருந்து எடுத்தவர்களைக் காப்பாற்ற, மாட்டிவிட அல்ல.

அடுத்துப் பார்க்க வேண்டியது மருந்தின் பெயரும் அளவும். “ஊக்கமருந்து” என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்குவதால் வரும் சண்டை அதிகம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்ட வீரர் பென் ஜோன்சனிடம் அகப்பட்ட ஸ்டனோசொலோல் தசை வளர்க்கும் மருந்து. 2003 கிறிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு முன் அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்னிடம் அகப்பட்டது சிறுநீர் பெருக்கி, அதற்கு ஒரு வருடத் தடை. 2011 உலகக் கிண்ணத்தில் எங்கட உபுல் தரங்கவிடம் அகப்பட்டது வீக்கம் குறைக்கும் பிரெட்னிசோலோன். தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தால் வந்தது என்ற விளக்கத்துக்குப் பிறகு மூன்று மாதத் தடையோடு முடிந்தது. எங்கட ஆள் விழுங்கினால் மருந்து, அவுஸ்திரேலியன் விழுங்கினால் ஊக்கமருந்து என்கிற நியாயம் கிறிக்கெட் பார்க்கும் எல்லா ஊரிலும் உண்டு, எங்கட ஊர் விதிவிலக்கல்ல.

2024இல் டெனிஸ் வீரர் யானிக் சின்னரிடம் அகப்பட்ட குளொஸ்டிபோல் என்ற ஸ்டெரொய்ட், சிறுநீரின் ஒரு மில்லிலீற்றருக்கு, ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. அவருடைய பிசியோதெரபிஸ்ட் தன் கைக் காயத்துக்குப் பூசிய மருந்து, உடம்பு பிடித்துவிடும்போது தொற்றியது என்ற விளக்கத்தை விசாரணைக் குழு ஏற்றது. பிறகு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமான வாடா மேன்முறையீடு செய்ய, 2025இல் மூன்று மாதத் தடையை அவர் ஏற்றுக்கொண்டார். சக வீரர்களின் கோபம் மருந்தின் மேல் அல்ல. வசதியான வீரருக்கு உடனே சட்டத்தரணி கிடைக்கிறார், சாதாரண வீரர் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார் என்பதுதான் அவர்களின் முறைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது.

அகப்படாததால் சுத்தமானவர் என்பதும் பிழை. அமெரிக்க ஓட்ட வீராங்கனை மரியன் ஜோன்ஸ் மருந்து எடுத்ததை வாயால் ஒப்புக்கொண்டது 2007இல். அவருடைய பதக்கம் பறிபோன பிறகுதான், 2009இல், இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவின் 2000 சிட்னி வெண்கலம் வெள்ளியானது. அதே சுசந்திகா 1998இல் நண்ட்ரோலோன் சர்ச்சையில் சிக்கி, பிறகு விடுவிக்கப்பட்டவர். இப்போது மாதிரிகளைப் பத்து வருடம் வரை வைத்துத் திரும்பப் பரிசோதிக்கலாம்.

உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளை விட உதவக்கூடியது பாமசி விடயம். தடகளத்தில் இருப்பவர்களுக்கு ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலதே ஆபத்து. இழுப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் குளிசை போட்டிக் காலத்தில் தடை. அதே இழுப்புக்குக் கொடுக்கும் டேர்பியூட்டலின் எப்போதும் தடை. இழுப்புக்கான சல்பியூட்டமோல் பம்ப் 24 மணித்தியாலத்தில் 1600 மைக்கிரோகிராம், எந்த 8 மணித்தியாலத்திலும் 600ஐத் தாண்டாமல் எடுக்கலாம். சளிக் குளிசையில் வரும் சூடோஎபெட்ரின் போட்டி நாளில் வேண்டாம். வலிக்குக் கொடுக்கும் டிரமடோல் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. உண்மையாகவே மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு, வைத்தியரின் அறிக்கையோடு இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமான ஸ்லாடாவிடம் முன்கூட்டியே மருத்துவ விலக்கு கேட்கலாம். ஜிம்மில் யாரோ டப்பாவில் இருந்து கரண்டியால் அள்ளித் தரும் மாவுக்கு அப்படி எந்த விலக்கும் கிடையாது. லேபலில் எழுதாத சரக்கு உள்ளே இருந்தாலும் பொறுப்பு குடித்தவருக்குத்தான்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்லுங்கள். கோயில் திருவிழாவுக்காகத் தீட்டைத் தள்ளிப்போட வீட்டில் வாங்கிக் கொடுக்கும் நோரெதிஸ்டெரோன் தடைசெய்யப்பட்ட மருந்து அல்ல. ஆனால் உடம்பில் அது சிதையும்போது, நண்ட்ரோலோன் எடுத்தவரிடம் தேடும் அதே பொருள் சிறுநீரில் வரும்.  நோரெதிஸ்டெரோனால் வந்ததா என்று ஆய்வுகூடம் பிரித்தறியும், ஆனாலும் மாதிரி கொடுக்கும்போது நிரப்பும் படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகளைக் கேட்கும் இடத்தில் வெட்கப்படாமல் அதன் பெயரை எழுதச் சொல்லுங்கள். குளிசை அட்டையையும் பாமசித் துண்டையும் எறியாமல் வைத்திருக்கட்டும்.