விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கணினி திறக்கவில்லை: கோப்புகளை இழக்காமல் மீட்பது எப்படி?

விண்டோஸ் 11 அப்டேட் ஆன பிறகு டெஸ்க்டாப்பே வரவில்லை, படங்களும் ஆவணங்களும் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் அவை வட்டில் அப்படியேதான் இருக்கும்.

திரையில் சதவீதம் நகர்ந்துகொண்டிருந்தால் பவரை நிறுத்தாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் மணிக்கணக்கில்கூட ஆகும். நிஜமாகவே உறைந்துவிட்டதென்றால், லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும்.

அங்கே டிரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாதாந்திர அப்டேட் என்றால் குவாலிட்டி அப்டேட்டை நீக்குங்கள். விண்டோஸ் பதிப்பே மாறியிருந்தால் ஃபீச்சர் அப்டேட்டை நீக்க வேண்டும். அதற்கு வழக்கமாக 10 நாள்தான் அவகாசம், பிறகு பழைய பதிப்பின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும்.

பலர் மாட்டிக்கொள்வது வட்டைப் பூட்டிவைக்கும் பாதுகாப்பு வசதியான பிட்லாக்கரில்தான். 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அதில் சேமிக்கப்பட்டிருக்கும். சாவி இல்லாமல் சர்வீஸ் கடைக்காரராலும் கோப்புகளை எடுக்க முடியாது.

விண்டோஸை மறுபடியும் நிறுவும் 'ரீசெட் திஸ் பிசி' கடைசி வழியாக இருக்கட்டும். 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். முக்கியமான கோப்புகள் இருந்தால், முதலில் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) உள்ள பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி அவற்றை வெளியே நகலெடுத்துவிடுங்கள்.

சரி, டெஸ்க்டாப் வந்துவிட்டதா? உடனே செட்டிங்ஸில் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் அதே அப்டேட் மறுபடியும் இறங்கிவிடும்.