விதைநெல்லும் விண்ணப்பமும்: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: மன்னார்குடி அருகே நான்கு ஏக்கரில் நெல் சாகுபடி செய்துகொண்டு, ஊரில் ஓர் இ-சேவை மையமும் நடத்துகிறேன். காலையில் எழுதும் வேலைப் பட்டியலில் பாதிகூட இரவுக்குள் முடிவதில்லை. சென்ற குறுவையில் பட்டா மாறுதல் விண்ணப்பங்களில் மூழ்கி, முளைகட்டச் சாக்கில் வைத்திருந்த விதைநெல்லை மறந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தபோது வேர்கள் பின்னிக்கொண்டு விதைக்க முடியாமல் போயிருந்தது. கிரேக்கத் தத்துவம் வேலைக்கு ஒரு நோக்கத்தைத் தரும் என்கிறார்கள். என்னைப் போன்றவனுக்கு அதில் ஏதேனும் உண்டா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உண்டு. ஆனால் அரிஸ்டாட்டிலிடமிருந்து பட்டியலை வரிசைப்படுத்தும் உத்தி எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு வேலையும் எதன் பொருட்டு என்ற கேள்விதான் கிடைக்கும். கடிவாளம் செய்வது குதிரையேற்றத்துக்காக, குதிரையேற்றம் போர்க்கலைக்காக என்று 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் தொடக்கத்திலேயே அவர் வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறார். அந்த அடுக்கின் உச்சியில், வேறெதற்காகவும் இன்றித் தனக்காகவே நாடப்படும் ஒன்று இருக்க வேண்டும் என்றும், அதை அறிந்தவன் இலக்கைக் கண்ட வில்லாளியைப் போலத் தன் வாழ்வைச் செலுத்துவான் என்றும் சொல்கிறார். அதற்கு அவர் தந்த பெயர் யூடைமோனியா. அதை 'மகிழ்ச்சி' என்று மட்டும் மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் நற்பண்போடு செயல்பட்டபடியே வாழ்வதைத்தான் அவர் அச்சொல்லால் குறித்தார்.

உங்கள் பட்டியலில் நகல் எடுப்பதும் விதை ஊறவைப்பதும் ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் அது எதற்காக என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். சம்பாப் பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளில் ஒரு மூதாட்டியின் விண்ணப்பத்தைப் பிழையின்றிப் பதிவுசெய்வது, அவர் நட்டப்பட்டு நிற்காமல் இருப்பதற்காக. அது உங்கள் அறத்தைச் சேர்ந்த வேலை. யாரோ கேட்டார் என்பதற்காக மட்டும் செய்யும் வேலைகளுக்கு எழுத ஒன்றும் கிடைக்காது. முறைப்பாசனத்தில் தலைமடையை அடைக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடைக்க வேண்டிய மடைகள் அந்த வேலைகள்தாம்.

ஓர் இடத்தில் அரிஸ்டாட்டிலை நான் ஏற்கவில்லை. உழவருக்கு ஓய்வில்லை, ஆகவே சிறந்த அரசின் குடிமக்கள் உழவராக இருக்கலாகாது என்று 'அரசியல்' நூலில் எழுதினார். சாக்ரடீஸின் மாணவர்களுள் ஒருவரான செனபோன் என்பவரோ உழவை உடலுக்கும் மனத்துக்கும் உகந்த தொழிலாகப் போற்றினார். அவருடைய நூல் ஒன்றில் பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீசியரின் கப்பல் ஒன்று வருகிறது. சிறிய இடத்தில் எல்லாப் பொருளும் அததன் இடத்தில் இருக்க, அவற்றை ஓய்வு நேரத்திலேயே சரிபார்த்துக்கொண்டிருக்கும் மாலுமி, புயல் வந்த பிறகு தேட நேரமிராது என்கிறான். விதைநெல்லைச் சாக்கில் கட்டும்போதே பிரிக்க வேண்டிய நேரத்தைக் கைபேசியில் அலாரமாக வைத்துவிடுவது அந்த மாலுமியின் வேலைதான்.

இன்னொன்று, எபிக்டீட்டஸ் என்ற பிற்காலக் கிரேக்கத் தத்துவஞானி சொன்னது. அடிமையாகப் பிறந்த அவர், நம் கையில் உள்ளவை, இல்லாதவை என்ற பிரிப்பிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும் 2022-இல் மே 24 அன்றும், 2024-இல் ஜூலை 28 அன்றும் திறந்தார்கள். அந்தத் தேதி உங்கள் கையில் இல்லை. வரப்பைச் செதுக்கி வைப்பதும் விதையைத் தயாராக வைப்பதும் உங்கள் கையில் உள்ளவை. அணைச் செய்திகளைக் கைபேசியில் பார்த்தபடி கழியும் காலை நேரத்தை அந்த வேலைகளுக்குக் கொடுங்கள்.

வரும் குறுவையில் விதை முளைகட்டியிருக்கும் நாள்களில், 'மையம் பத்து மணிக்குத் திறக்கப்படும்' என்று ஓர் அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிடுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரர்கள். விதைநெல் என்றால் காத்திருப்பார்கள்.