6 அடி 3 அங்குல உயரத்துக்கு எந்த ஹார்ட்டெயில்?

கேள்வி: என் உயரம் 190 செ.மீ., எடை 92 கிலோ. தக்கலையில் வீடு, நாகர்கோவிலில் வேலை. வாரத்தில் சில நாட்களாவது சைக்கிளில் போய்வர நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்ட ஆசை. இரண்டுக்கும் ஒரே ஹார்ட்டெயில் (முன்சக்கரத்தில் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள) மலைச் சைக்கிள் போதுமா? கடையில் 18 அங்குல ஃபிரேமைக் காட்டி, “சீட்டை உயர்த்திக்கொண்டால் சரியாகிவிடும்” என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஹார்ட்டெயில் போதும். அந்த 18 அங்குல ஃபிரேம் வேண்டாம்.

சீட்டை உயர்த்தினால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்ட நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே வைத்து, சீட்டில் உட்கார்ந்ததுபோல் அழுந்தும்வரை மேலே தள்ளுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை உள்ளதுதான் உங்கள் உள்கால் நீளம். உங்கள் உயரத்துக்கு 90 செ.மீ.யை ஒட்டி வரும்; 91 என்று வைத்துக்கொள்வோம். அதை 0.883 ஆல் பெருக்கினால் 80.4. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை ஏறத்தாழ இவ்வளவு உயரம் உங்களுக்கு வேண்டும்.

18 அங்குல ஃபிரேமில் சீட் குழாயின் நீளம் 45.7 செ.மீ. மீதி 34.7. சீட்டின் தடிமனுக்கும் கிளாம்புக்கும் 5 செ.மீ. கழித்தால், ஏறக்குறைய 30 செ.மீ. சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பி) வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த வகைச் சைக்கிள்களோடு வருவது பெரும்பாலும் 35 செ.மீ. போஸ்ட். குழாய்க்குள் இருப்பது 5 செ.மீ. மட்டுமே என்று ஆகிறது. ‘இதற்கு மேல் உயர்த்தாதே’ என்று போஸ்டில் பொறித்திருக்கும் கோடு பொதுவாக 8 முதல் 10 செ.மீ. உள்ளே இருக்கவேண்டும் என்று சொல்லும். அந்தக் கோடு வெளியே தெரிய, 92 கிலோ உட்கார்ந்து, தேசிய நெடுஞ்சாலை 66-இன் குழிகளில் இறங்கி ஏறினால் சீட் குழாயின் மேல்விளிம்பு விரிசல் விடும். அலுமினிய ஃபிரேமில் அந்த விரிசலை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒட்டித் திரும்பப் பயன்படுத்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நீளமான போஸ்ட் போட்டால் ஒடியும் ஆபத்து குறையும். பொருத்தம் வராது. சீட் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் போஸ்டை 10 செ.மீ. உயர்த்தும்போது சீட் ஏறத்தாழ 3 செ.மீ. பின்னேயும் போகிறது. உங்கள் எடை பின்சக்கரத்தின் மேல் குவியும். மேட்டில் முன்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். ஹேண்டில்பாரோ எங்கோ கீழே கிடக்கும். அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், ஒரு மாதத்தில் கழுத்து வலிக்கும். பிறகு சைக்கிள் போர்டிகோவில் துணி காயப்போடும் கம்பியாக நிற்கும்.

ஆகவே கடைக்காரர் சொல்லும் அங்குலக் கணக்கை ஒதுக்கிவிட்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்குரிய அளவு அட்டவணையைத் திறந்து மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது ரீச். கிராங்க் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாயின் உச்சி வரை உள்ள கிடைமட்டத் தூரம் இது. பெடல்மேல் எழுந்து நின்று ஓட்டும்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம். உங்களுக்கு 470 முதல் 490 மி.மீ. நல்லது, 455-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள். இரண்டாவது ஸ்டாக், அதே அச்சிலிருந்து தலைக்குழாய் உச்சியின் செங்குத்து உயரம். 640 மி.மீ.க்கு மேல் இருக்கட்டும். உயரமானவர்கள் ரீச்சைப் பார்த்துவிட்டு ஸ்டாக்கை மறந்துவிடுகிறார்கள். முதுகுவலிக்கு இந்த மறதியே பாதிக் காரணம். மூன்றாவது, உட்கார்ந்து ஓட்டும்போது சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள மேற்குழாய் நீளம். தினமும் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் நீங்கள் உட்கார்ந்தேதான் ஓட்டுவீர்கள் என்பதால் இதுவும் ரீச்சுக்கு இணையாக முக்கியம். 650 மி.மீ. அளவில் தேடுங்கள்.

இந்த எண்கள் பெரும்பாலும் எக்ஸ்எல் அளவில் கிடைக்கும். ட்ரெக், ஜயன்ட், ஸ்காட், மெரிடா போன்ற நிறுவனங்களின் ஹார்ட்டெயில்களில் எக்ஸ்எல் உண்டு. சில மாடல்களில் அதற்கும் மேலே இரட்டை எக்ஸ்எல் உண்டு. கைகளை விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி உங்கள் உயரத்தைவிட நன்றாகவே அதிகம் வருகிறதென்றால் மட்டும் இரட்டை எக்ஸ்எல்லைப் பாருங்கள். சக்கரம் 29 அங்குலம்தான். இதில் விவாதமே இல்லை.

தலைக்குழாயின் கோணம் 66 முதல் 68 பாகைக்குள் இருந்தால் சாலைக்கும் தோட்டத்துக்கும் பொதுவாக நிற்கும். 64 என்பது செங்குத்தான இறக்கத்தில் பாய்பவர்களுக்கு. மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் அலைபாயும். பின்சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கம்பியின் நீளம் 435 முதல் 445 மி.மீ. வரை இருக்கட்டும். பல நிறுவனங்கள் எல்லா அளவுக்கும் ஒரே நீளத்தையே கொடுத்துவிடுகின்றன. குள்ளமானவருக்கு அது சரி. நெட்டையானவரை அது பின்சக்கரத்தின் தலைமேல் உட்காரவைக்கிறது. எனவே இரண்டு சைக்கிள்கள் மற்றெல்லாவற்றிலும் சமமென்றால், பின்பாகம் நீண்டதை எடுங்கள்.

அடுத்து எடை. முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்குவது ஃபோர்க். விலை குறைந்த ஃபோர்க்குகளில் இரும்புச் சுருள்வில் இருக்கும். அது நடுத்தர எடையுள்ளவரை மனத்தில் வைத்துப் போட்டது. 92 கிலோ ஏறினால் சின்னக் கல்லுக்கே அடிமட்டம் வரை அமிழ்ந்து ‘டங்’ என்று இடிக்கும். மேலே உள்ள திருகைத் திருகினால் வில் கடினமாகும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது வில்லைச் சற்று முன்கூட்டியே அழுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது காற்று ஃபோர்க். அதற்கென உள்ள உயர் அழுத்தக் கைப்பம்பால் உங்கள் எடைக்கேற்ப நிரப்பிக்கொள்ளலாம். 100 அல்லது 120 மி.மீ. பயணம் (ஃபோர்க் அமிழக்கூடிய தூரம்) போதும். அசையாமல் உட்காரும்போது அதில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அமிழ்ந்தால் அழுத்தம் சரி.

உங்கள் பணத்துக்குள் காற்று ஃபோர்க் வரவில்லையென்றால், கீழே அகன்று மேலே குறுகும் தலைக்குழாய் உள்ள ஃபிரேமை வாங்குங்கள். நல்ல ஃபோர்க்குகள் இப்போது பெரும்பாலும் அந்த வடிவத்துக்கே செய்யப்படுகின்றன, பிறகு மாற்றிக்கொள்ளலாம். கியர், ஹேண்டில்பார், டயர், சீட் எல்லாமே அப்படிப் பின்னால் மாற்றக்கூடியவை. ஃபிரேமை மட்டும் மாற்ற முடியாது. பளபளக்கும் பன்னிரண்டு கியரோடு ‘லார்ஜ்’ ஃபிரேமும், ஒன்பது கியரோடு எக்ஸ்எல் ஃபிரேமும் ஒரே விலையில் இருந்தால் ஒன்பது கியரை எடுப்பதே புத்திசாலித்தனம்.

பின்சக்கரத்தில் மரையிட்டு முறுக்கும் பழைய பிரீவீல் இருக்கிறதா, கேசட் (பற்சக்கரத் தொகுதி) பொருத்தும் ஃபிரீஹப் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய முறையில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சிலின் (சக்கர அச்சின்) ஒரு முனை தாங்கலின்றி நீண்டிருக்கும். உங்கள் எடைக்கு வளைந்துவிடும். ஏழு, எட்டு கியர் சைக்கிள்களில் இது சகஜம். ஸ்போக்ஸ் 32-க்குக் குறையவேண்டாம். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கடையில் கொடுத்து ஒருமுறை இழுத்துக்கட்டச் சொல்லுங்கள்.

பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்; முன்பக்கத் தட்டு 180 மி.மீ. இருந்தால் நல்லது. நம் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு பருவமழை. செம்மண் சேறு பிரேக்கின் ரெசின் பேடுகளை அரம்போல் தின்றுவிடும். மெட்டல் பேடு நீண்டநாள் உழைக்கும், ஆனால் விலை குறைந்த தட்டுகள் பலவற்றில் ‘ரெசின் பேடு மட்டும்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கியருக்கு முன்னால் ஒற்றைப் பற்சக்கரம், 32 பல். பின்னால் பெரியது 46 அல்லது அதற்கு மேல். பின்னால் சிறியது 11 பல் என்றால், நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும்போது மணிக்கு 32 கி.மீ. அளவில் போகலாம். அலுவலகத்துக்கு அதற்குமேல் வேகம் எதற்கு? ஆடியில் மாலை வீடு திரும்பும்போது மேற்கிலிருந்து வரும் காற்று முகத்தில் அறையும் நாட்களில் 20-ஐத் தாண்டினாலே பெரிது. ஹேண்டில்பாரை மிக அதிகமாக உயர்த்தி நெஞ்சைக் காற்றுக்குக் காட்டாதீர்கள் என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். சீட்டுக்குச் சமமாகவோ இரண்டு மூன்று செ.மீ. தாழ்வாகவோ இருந்தால் போதும்.

டயர் 2.25 அங்குல அகலம். நடுவில் முட்கள் நெருக்கமாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் உள்ள வகை. டியூப்லெஸ்ஸாக (உள்டியூப் இல்லாததாக) மாற்றக்கூடிய ரிம் இருந்தால் மாற்றிவிடுங்கள். முள் குத்தினாலும் டயருக்குள் ஊற்றியிருக்கும் பால் போன்ற அடைப்புத் திரவம் தானே துளையை அடைத்துக்கொள்ளும். மண்பாதையில் உங்கள் எடைக்கு முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்று தொடங்கிப் பாருங்கள். டியூபோடு ஓட்டினால் ஐந்தாறு கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கும். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் டிசம்பர், ஜனவரியில் தோட்டத்துப் பாதையில் சருகு மெத்தையாகக் கிடக்கும். அடியில் கல்லா குழியா என்று தெரியாது. தெரிந்த பாதையானாலும் அந்த மாதங்களில் வேகத்தைக் குறையுங்கள். தோட்டங்கள் தனியாருடையவை, கேட்டுவிட்டு நுழையுங்கள். பேச்சிப்பாறைக்கு அப்பால் காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

மட்கார்டும் கேரியரும் பொருத்த ஃபிரேமில் திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பையை முதுகில் சுமந்து நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும்.

எக்ஸ்எல் சைக்கிளைத் தயாராக நிறுத்தி வைத்திருக்கும் கடை அரிது. வரவழைத்துத் தருவதாகச் சொன்னால் முன்பணம் மட்டும் கொடுங்கள்; ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முழுப் பணம் வேண்டாம். அல்லது திருவனந்தபுரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெறுங்காலோடு ஏறி, குதிகாலைக் கீழே வந்த பெடலில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். போஸ்டின் கோடு உள்ளேயே இருக்கவேண்டும். எழுந்து நின்று ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்புங்கள், முழங்காலில் இடிக்கக்கூடாது.

வாங்கியபின் சீட் போஸ்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். உயரமானவர்கள் சீட்டை ஒரே உயரத்தில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் தொடுவதில்லை. முட்டம், குளச்சல் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு உப்புக்காற்றும் மழைநீரும் சேர்ந்து போஸ்டைக் குழாயோடு ஒட்டவைத்துவிடும். பிறகு அதை அறுத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும்.