இரண்டு ஹெல்மெட், ஒரு டிஸ்கோ ஆல்பம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ரோபோ ஹெல்மெட் மாட்டிக்கொண்டு எலெக்ட்ரானிக் ஆட்ட இசை செய்த டாஃப்ட் பங்க் இரட்டையரைப் பற்றி நாலே நாலு வரி எழுதியிருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மட்டும் இவ்வளவு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், ‘எங்க டவுன்ல எப்ப சார் கச்சேரி பண்ணுவாங்க’ ரகத்தை எல்லாம் எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சார், யார் இவங்க? ‘டிஸ்கவரி’ ஆல்பத்தை ஏன் ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்?
— கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

பாரிஸ்காரர்கள், தம்பி. தோமா பங்கால்தேர், கி-மானுவல் தெ ஓமெம்-கிறிஸ்தோ. பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். முதலில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ராக் குழு நடத்தினார்கள். இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று அதைக் கிண்டலடித்து எழுதிய வார்த்தையையே பெயராக வைத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் பக்கம் வந்துவிட்டார்கள். 1997-ல் வந்த முதல் ஆல்பம் ‘ஹோம்வொர்க்’, தோமாவின் படுக்கையறையில் செய்தது. கிளப்பில் ஆடுவதற்கென்றே செய்த இசை.

2001-ல் வந்த ‘டிஸ்கவரி’ அப்படி இல்லை. டிஸ்கோ, ஹவுஸ் என்கிற எலெக்ட்ரானிக் ஆட்ட இசை, எண்பதுகளின் கீபோர்டு பாப், ஹெவி மெட்டல் கிட்டார் எல்லாமே உள்ளே வந்துவிட்டது. ‘ஏரோடைனமிக்’ பாட்டை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். மணி அடிக்கும், ஃபங்க் கிட்டார் ஒன்று துள்ளிக்கொண்டு வரும், சரி இது ஆட்டப்பாட்டு என்று நீங்கள் முடிவு கட்டும்போது அதை வெட்டிவிட்டு விரல் பறக்கிற ஒரு மெட்டல் சோலோ வரும், அப்புறம் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டு ஓட்டுவார்கள். ஹவுஸ் ரசிகனுக்கு ராக் ஆகாது, ராக் ரசிகனுக்கு டிஸ்கோ என்றாலே இளக்காரம் என்று இருந்த காலத்தில் செய்த வேலை இது. இவ்வளவையும் சிதறவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஆல்பத்தின் பெரும்பகுதியில் ஓடுகிற அந்த ஒரே சீரான ‘தும் தும்’தான். அது கலையாதவரை மேலே எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று தைரியமாக நம்பியிருக்கிறார்கள்.

ஒரு கொசுறுத் தகவல். தோமாவின் அப்பா டானியல் வாங்கார்ட் பெரிய டிஸ்கோ தயாரிப்பாளர், ஒட்டாவான் என்கிற டிஸ்கோ குழுவை உருவாக்கியவர். 1982-ல் இந்தியில் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ படத்தின் ‘ஜிம்மி ஜிம்மி’ மெட்டு அந்த ஒட்டாவான் பாட்டு ஒன்றிலிருந்து வந்ததுதான். ஆக இந்தக் குடும்பத்தின் டிஸ்கோ நம் ஊர் ஆர்கெஸ்ட்ரா மேடைகளுக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது.

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரன் கட்டாயப்படுத்தி ‘ஒன் மோர் டைம்’ கேட்க வைத்தான். ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?
— வாசகர், காரிமங்கலம்

நியாயமான கேள்விங்க ஐயா. வரியைக் கேட்காதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. சத்தம் எப்படித் திறக்கிறது என்று கேளுங்கள்.

ராத்திரியில் அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு வயல் வழியாக நடந்து போயிருப்பீர்கள். தூரத்தில் வெறும் ‘தும் தும்’ மட்டும்தான் காதில் விழும். கிட்டே போகப் போகப் பாட்டுக்காரர் குரல் தெளியும், ஜால்ரா கேட்கும், பந்தலை நெருங்கினால் மொத்தமும் முகத்தில் வந்து அறையும். ஃபில்டர் என்று இவர்கள் பயன்படுத்தும் கருவி அந்த வேலையைத்தான் செய்கிறது. மேல் அலைவரிசைகளை அடைத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறது. பாட்டின் தொடக்கத்தில் டிரம்பெட் துணியால் மூடினாற்போல மங்கலாகக் கேட்பதும் பிறகு பளிச்சென்று வெளியே வருவதும் இதனால்தான். உட்கார்ந்த இடத்திலேயே கூட்டத்துக்குள் நடந்து போகிறீர்கள்.

அப்புறம், பாட்டின் நடுவில் டிரம் மொத்தமாக நின்றுவிடும். குரலும் கீபோர்டும் மட்டும் வெகுநேரம் போகும். ஐந்து நிமிடச் சொச்சம் ஓடும் ஆட்டப்பாட்டில் இவ்வளவு நேரம் ஆட்டத்தை நிறுத்தி வைக்க நெஞ்சழுத்தம் வேண்டும். திரும்ப அந்த அடி விழும்போது பேரன் முகத்தைப் பாருங்கள். பாடியவர் ரொமான்தனி, நியூஜெர்சிக்காரர். குரலை ஆட்டோட்யூன் என்கிற சுருதி திருத்தும் மென்பொருளில் போட்டு மெஷின் மாதிரி வளைத்ததற்கு அப்போதே திட்டு விழுந்தது. அது கெட்டுப்போன குரல் இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பேரனிடம் நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தவன் பாட்டை வெட்டி ஒட்டினால் அது திருட்டு இல்லையா?
— வாசகி, ஓசூர்

கேட்காமல் எடுத்தால் திருட்டு. கேட்டு, பணம் கொடுத்து எடுத்தால் சாம்பிள். ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ எட்வின் பேர்ட்சாங் பாட்டிலிருந்தும், ‘டிஜிட்டல் லவ்’ ஜார்ஜ் டியூக் பாட்டிலிருந்தும் எடுத்துச் செய்தவை. ஆல்பத்தின் உள்தாளிலேயே அதைப் போட்டிருக்கிறார்கள். பிறகு 2007-ல் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் இவர்கள் பாட்டை எடுத்துத் தன் பாட்டில் வைத்தார், சங்கிலி அப்படிப் போகிறது.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. ‘ஒன் மோர் டைம்’ டிரம்பெட் வந்தது எடி ஜான்ஸ் என்பவர் 1979-ல் பாடிய டிஸ்கோ பாட்டிலிருந்து. துண்டு துண்டாக நறுக்கி வரிசை மாற்றி அடுக்கியதால் மூலத்தைக் கேட்டாலும் சட்டென்று பிடிபடாது. லைபீரியாவில் பிறந்த ஜான்ஸை 2021-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தேடிக் கண்டுபிடித்து எழுதியது. வீடில்லாமல்கூட இருந்திருக்கிறார் மனிதர். சாம்பிளுக்கான பணம் பதிவு உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கு ஒழுங்காகப் போயிருக்கிறது, பாடியவருக்கு வந்து சேரவில்லை. சட்டப்படி டாஃப்ட் பங்க் மேல் தப்புச் சொல்ல முடியாது. இருபது வருடம் உலகமே ஆடிய பாட்டு, அதன் மூலப் பாடகன் தெருவில். எனக்கு ஜீரணிக்கவில்லை.

ஹெல்மெட் எதுக்கு? சேலம் ஹைவேஸ்ல போலீஸ் பிடிப்பாங்கன்னா?
— குறும்புக்கார வாசகர், தொப்பூர்

1999 செப்டம்பர் 9-ஆம் தேதி ஸ்டுடியோவில் சாம்பிளர் (ஒலித்துண்டுகளைப் பதித்து வாசிக்கும் கருவி) வெடித்தது, கண் விழித்துப் பார்த்தால் ரோபோ ஆகியிருந்தோம் என்று அவர்களே ஒரு கதை விட்டார்கள். முகம் தெரியக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். 2021 பிப்ரவரியில் பிரிந்தபோதும் பேட்டி கிடையாது, பேச்சு கிடையாது. ஒரு ரோபோ வெடித்துச் சிதறுகிற பழைய படக்காட்சியை வெளியிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கடைசி ஆல்பத்தில் மெஷினை விட்டுவிட்டு ஆள் வைத்து வாசித்தார்களாமே? அதுதானே பெஸ்ட்?
— வாசகர், பர்கூர்

‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’, 2013. ஆமாம், நைல் ராட்ஜர்ஸ் கிட்டார், நேதன் ஈஸ்ட் பேஸ், ஓமர் ஹகீம் டிரம்ஸ் என்று பெரிய கைகள். பழைய டிஸ்கோ இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடரை உட்கார வைத்து வாழ்க்கைக் கதை சொல்லச் சொல்லி, வெவ்வேறு காலத்து மைக்குகளை வைத்துப் பதிவு செய்தார்கள். வருடத்தின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து கிராமி விருது. பெஸ்ட் என்றால் எனக்கு ‘டிஸ்கவரி’தான். 2013 ஆல்பம் வழுவழுவென்று இருக்கிறது, ‘டிஸ்கவரி’யில் தையல் தெரிகிறது. தையல் தெரிவதுதான் பிடித்திருக்கிறது.

நம்ம கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் இந்தப் பாட்டெல்லாம் போட விடுவார்களா?
— வாசகி, போச்சம்பள்ளி

சிரிக்காதீர்கள், மேலே சொன்ன 2013 ஆல்பத்தை ஆஸ்திரேலியாவில் வீ வா என்கிற பருத்தி விளையும் சின்ன ஊரின் விவசாயக் கண்காட்சியில்தான் வெளியிட்டார்கள். ஆடு மாடு, டிராக்டர் எல்லாம் இருக்கிற அதே மைதானம். கூட்டம் குவிந்தது, இரட்டையர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. கண்காட்சி கமிட்டியில் கேட்டுப் பாருங்கள், ‘மல்கோவா ஸ்டாலில் ஒரு டிஸ்கோ’ என்று மனு போடலாம்.

அண்ணே, நாங்க மைக் செட் வைத்திருக்கிறோம். எங்க ஊர் பம்பையைப் போனில் பதிவு செய்து ஹவுஸ் பீட் மேல் போட்டேன். ஒட்டவே மாட்டேங்குது, ஒரு நிமிஷத்தில் கால் தடுமாறுது. என்ன பண்ண?
— வாசகர், பென்னாகரம்

இந்த வாரக் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான் தம்பி.

‘ஒன் மோர் டைம்’ நிமிடத்துக்கு 123 அடி, கடைசிவரை ஒரு மயிரிழை நகராது. பம்பைக்காரர் அப்படியா? சாமி வருகிற வேகத்துக்கு அவர் கையும் ஏறும். ஏறித்தான் ஆக வேண்டும், அது அவருடைய வித்தை. முழுப் பதிவை அப்படியே மெஷின் மேல் போட்டால் இரண்டும் பிரிந்து ஓடத்தான் செய்யும். வேகம் நிலையாக இருக்கிற இடத்தில் இரண்டு அல்லது நான்கு சுற்று மட்டும் வெட்டி எடு. சுற்றின் முதல் அடியை கிக் (பீட்டில் ‘தும்’ என்று விழும் டிரம்) மேல் சரியாக உட்கார வைத்துச் சுழலவிடு. ரொம்ப இழுத்து நீட்டாதே, தோலின் ‘டங்’ போய் வெறும் மொத்து ஆகிவிடும். பம்பையின் கனத்த பக்கமும் கிக்கும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும், அதனால் பம்பையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துக் கிக்குக்கு இடம் விடு. நடுவில் எட்டுச் சுற்றுக்குக் கிக்கை முழுக்க நிறுத்திப் பார், பம்பை மட்டும் தனியாக முழங்கட்டும், அப்போது குறைத்த கனத்தைத் திரும்பக் கொடு. அந்த ஏறுகிற வேகம் வேண்டும் என்றால் வேறு வழி, மெஷினின் வேகத்தையே சுற்றுக்குச் சுற்று கையால் ஏற்ற வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் நன்றாக இருக்கும்.

போனை விட்டுவிட்டு ஒரு நல்ல மைக் வாடகைக்கு எடு, உன்னிடமே இருக்குமே. வாசித்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாயா? பாட்டை நெட்டில் ஏற்றும் முன்னாலேயே அவர் பெயரும் வரவில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பதும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.