95 விழுக்காடு எதைக் குறிக்கிறது?

கேள்வி: செவிலியர் முதுநிலை ஆய்வேட்டுக்காக 100 பெண்களைச் சோதித்ததில் 40 பேருக்கு இரத்தசோகை இருந்தது. 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை விகிதத்துக்கு மாதிரியிலிருந்து கணக்கிடும் எல்லைகள்) 30.4 முதல் 49.6 விழுக்காடு வரை என்று மென்பொருள் காட்டுகிறது. உண்மை விகிதம் இதற்குள் இருக்க 95% வாய்ப்பு உண்டு என எழுதலாமா? இடைவெளியைப் பாதியாகக் குறைக்க எத்தனை பேர் வேண்டும்?

பதில்: அப்படி எழுத வேண்டாம். 1937-இல் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் நம்பிக்கை இடைவெளி முறையை வகுத்தபோது, முழுமைத் தொகுதியின் (மாதிரி எடுக்கப்படும் மக்கள் அனைவரின்) உண்மை விகிதத்தை, நமக்குத் தெரியாவிட்டாலும் மாறாத ஓர் எண்ணாகவே கொண்டார். மாதிரிக்கு மாதிரி மாறுவது இடைவெளிதான். அதே பகுதியில் மீண்டும் மீண்டும் நூறு பெண்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கணக்கிட்டால், அவற்றுள் ஏறக்குறைய 95 விழுக்காடு அந்த எண்ணை உள்ளடக்கியிருக்கும். ஆகவே 95 என்பது முறைக்கு உரிய பண்பு. உங்கள் கையில் உள்ள இடைவெளியிலோ அந்த எண் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. "40% (95% நம்பிக்கை இடைவெளி: 30.4–49.6)" என்று குறித்து, இந்த எல்லைக்குள் உள்ள விகிதங்கள் உங்கள் தரவோடு முரண்படவில்லை என்று விளக்கினால் போதும்.

நீங்கள் எழுத விரும்பிய வாக்கியம், தெரியாத எண்ணுக்கே வாய்ப்பைக் கணக்கிடும் பேய்சியன் முறைக்கு உரியது. 2020-இல் ஃபைசர் தடுப்பூசியின் செயல்திறன் 95% என்றும் இடைவெளி 90.3 முதல் 97.6 வரை என்றும் வெளியானது அம்முறையில்தான். ஆனால் தரவைப் பார்க்கும் முன்பே நாம் கொண்டிருக்கும் அனுமானத்தை அதில் வெளிப்படையாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அகலத்தைப் பாதியாக்க 400 பேர் வேண்டும். இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிக்கும் திட்டப்பிழை (மாதிரிக்கு மாதிரி மதிப்பீடு எவ்வளவு மாறும் என்பதன் அளவு), மாதிரி அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது; அதனால் பாதியாக்க நான்கு மடங்கு பேர் தேவை. விகிதம் 40 ஆகவே இருந்தால் புதிய எல்லைகள் 35.2, 44.8.

ஆனால் எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது, அந்த நூறு பேரும் எங்கே கிடைத்தார்கள் என்பதுதான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் நடத்திய கருத்துக்கணிப்புக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினர். சூத்திரப்படி பார்த்தால் பிழை எல்லை 0.1 விழுக்காட்டைக்கூடத் தொடாது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் வெல்வார் என்றது இதழ். ஆனால் அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் சுமார் 61 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். பதில் அனுப்பியவர்கள் வாக்காளர் அனைவரையும் ஒத்திருக்கவில்லை. இவ்வகைச் சாய்வை நம்பிக்கை இடைவெளி அளப்பதே இல்லை. உங்கள் மாதிரி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களாக இருந்தால், மேலும் 300 பேரை அங்கேயே சேர்ப்பதில் பயனில்லை. வாக்காளர் பட்டியல் போன்ற ஒன்றிலிருந்து சமவாய்ப்பில் தேர்ந்தெடுங்கள். அதற்கு வழியில்லையெனில், முடிவு யாருக்குப் பொருந்தும் என்பதை இடைவெளியைக் குறிப்பிடும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.