பான் ஜாவும் அவருடைய நாத்தனாரும்

வணக்கம் ஐயா,

ஹான் வம்ச காலத்துச் சீனா பற்றிய கட்டுரையில் பான் ஜாவைப் போகிறபோக்கில் ‘பேரறிஞர்’ என்று சொல்லியிருந்தீர்கள். ஆர்வத்தில் தேடிப்போய் அவர் பெண்களுக்கு எழுதிய அறிவுரை நூலை ஆங்கிலத்தில் படித்தேன். தாழ்ந்து நட, கணவன்தான் வானம், மாமியார் சொல்வது தப்பாக இருந்தாலும் கேள்! எங்கள் பாட்டி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். கும்பலால் கொல்லப்பட்ட அலெக்சாந்திரியக் கணித அறிஞர் ஹைபேஷியாவைப் பற்றிச் சொன்னால் மாணவிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இந்த அம்மாவைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம் என்கிறார்), திருச்சி

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். அந்த நூலைப் பூசி மெழுக எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அவருக்குப் பேரறிஞர் என்ற பெயர் அதனால் வரவில்லை.

அப்பா பான் பியாவ் தொடங்கிய வரலாற்று நூலை, அவர் இறந்தபின் அண்ணன் பான் கூ கையில் எடுத்தார். அனுமதியில்லாமல் வீட்டில் உட்கார்ந்து நாட்டு வரலாறு எழுதுகிறான் என்று யாரோ போட்டுக்கொடுக்க, சிறை. பின்னாளில் பெரிய தளபதியான இன்னொரு சகோதரர் பான் சாவ், தலைநகர் லோயாங்குக்கு ஓடி மன்றாடினார். பேரரசர் அதுவரை எழுதியிருந்ததை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, பான் கூவையே அந்த வேலைக்கு அமர்த்தினார். கி.பி. 92இல் மறுபடி சிறை. இம்முறை அவர் அண்டியிருந்த தோவ் குடும்பம் அரண்மனை அரசியலில் கவிழ்ந்திருந்தது. பான் கூ சிறையிலேயே இறந்தார்.

கி.மு. 206 முதல் கி.பி. 23 வரையிலான ஹான் வரலாறு அது, 100 அத்தியாயங்கள். மன்னர்கள், போர்கள், சூழ்ச்சிகள் என்று சுவையான பகுதிகள் ஏறக்குறைய முடிந்திருந்தன. மிச்சம் கிடந்தவை எட்டு அட்டவணைகளும் வானியல் பகுதியும். யாருக்கு எப்போது என்ன பட்டம், அது எந்தத் தலைமுறையில் பறிபோனது, வானத்தில் எந்த மீன் எங்கே, கிரகணம் எப்போது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடுக்க வேண்டிய வேலை. பெயரும் கிடைக்காது, கண்ணும் போகும். அரண்மனை நூலகத்தில் உட்கார்ந்து அதை முடிக்கும்படி பேரரசர் ஆணையிட்டது பான் ஜாவுக்கு. 14 வயதில் கல்யாணமாகி, கணவரைச் சீக்கிரமே இழந்தவர் அவர்.

நூல் வெளிவந்த புதிதில் படித்தவர்களுக்கே பிடிபடவில்லை. பிற்காலத்தில் செவ்வியல் நூல்களுக்கு உரை எழுதிப் பெரும்பெயர் எடுத்த மா ரோங், அந்த நூலகத்து மாடத்தின் கீழே பணிந்திருந்து பான் ஜாவிடம் பாடம் கேட்டார் என்று ‘பிந்திய ஹான் வரலாறு’ என்ற நூல் பதிவு செய்திருக்கிறது. வானியல் பகுதியில் மீதியை முடித்தவர் மா ரோங்கின் அண்ணன் மா சூ. பேரரசி தங் பான் ஜாவிடம் வானியலும் கணக்கும் படித்தார். 106இல் ஆட்சிப் பொறுப்பு அந்தப் பேரரசியின் கைக்கு வந்தபோது, ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர்களில் பான் ஜாவும் ஒருவர்.

எனக்குப் பிடித்தது அவர் பான் சாவுக்காக எழுதிய விண்ணப்பம். மேற்கு எல்லையில் 30 ஆண்டுகள் கிடந்தவர் பான் சாவ். தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை, கைகள் மரத்துவிட்டன, காதும் கண்ணும் சரியில்லை, கோலூன்றித்தான் நடக்கிறார், ஊர் திரும்ப விடுங்கள் என்று கேட்கிறார். பேரரசர் இறங்கிவந்தார். 102இல் லோயாங் வந்து சேர்ந்த பான் சாவ் அடுத்த மாதமே இறந்துபோனார்.

இனி நீங்கள் படித்த நூல். துடைப்பமும் முறமுமாகக் கணவன் வீட்டுக்கு வந்து 40 ஆண்டுக்கு மேலாகிறது என்று முன்னுரையில் சொல்லும் பெண், நோயில் கிடந்தபடி, கல்யாணத்துக்கு நிற்கும் தன் வீட்டுப் பெண்களுக்காக எழுதியது அது. இரண்டாம் அத்தியாயத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆண்பிள்ளைக்கு மட்டும் படிப்புச் சொல்லித் தருகிறீர்களே, எட்டு வயதில் எழுத்து, பதினைந்தில் உயர்கல்வி என்ற விதி பெண்ணுக்கு மட்டும் ஏன் ஆகாது என்று கேட்கிறார். காரணம் என்ன சொல்கிறார் தெரியுமா? படிக்காவிட்டால் கணவனுக்கு எப்படிச் சேவை செய்வாள் என்பது! பணிவு வேஷம், உள்ளே இருப்பது கலகம் என்று சிலர் இதை விளக்குகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பணிவையும் அவர் மனதார நம்பியிருக்கிறார், படிப்பையும் நம்பியிருக்கிறார்.

இன்னொன்று. அந்த நூலுக்கு முதல் மறுப்பு அவர் வீட்டிலிருந்தே வந்தது. கணவரின் தங்கை ட்சாவ் ஃபெங்ஷெங் அதை எதிர்த்து எழுதினார். அந்த எழுத்து படிக்கத் தகுந்தது என்று ‘பிந்திய ஹான் வரலாறு’ எழுதிய ஐந்தாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஃபான் யெ சான்று தருகிறார், ஆனால் ஒரு வரியைக்கூட எடுத்துத் தரவில்லை. பான் ஜாவின் நூலை முழுசாகத் தந்தவர், மறுப்பை விட்டுவிட்டார். மறுப்பு தொலைந்தது. கடைசி அத்தியாயம் முழுக்க நாத்தனாரோடும் கொழுந்தனோடும் ஒத்துப்போவது பற்றி என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

மா ரோங்குக்கோ நூல் மிகவும் பிடித்துப்போய், தன் வீட்டுப் பெண்களைப் படிக்க வைத்தார். அந்தப் பெண்மணியிடம் பாடம் கேட்டுத் தான் பெரிய ஆளானவர், தன் பெண்களுக்கு எடுத்துக் கொடுத்தது இதை. அடுத்து வந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். பான் ஜாவின் எழுத்துகளை அவருடைய மருமகள் தொகுத்து வைத்தார். அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது, அறிவுரை நூல் பெண்களுக்கான பாடநூலாகவே நிலைத்தது. அதனால்தான் 1907இல் ஹெ-இன் ஜென் என்ற பெண்ணியவாதி பான் ஜாவைக் கடுமையாகச் சாடினார். அந்த வசவில் பாதி, ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பரப்பியவர்களுக்குப் போக வேண்டியது என்பேன்.

ஹைபேஷியாவைப் போல இவரைக் கொல்லவில்லை. 70 வயதுக்கு மேல் வாழ்ந்தார், இறந்தபோது பேரரசி துக்க உடை உடுத்தினார். மாணவிகள் நிமிர்ந்து உட்காரக் கதையில் ரத்தம் வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு பேச்சு. ஏழு அத்தியாயங்களையும் எதையும் மறைக்காமல் அவர்களிடம் கொடுங்கள். பிறகு, ஃபெங்ஷெங் என்ன மறுத்திருப்பார் என்று அவர்களையே இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நன்றாக வந்ததை எனக்கு அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.