கேளுங்கள் சொல்கிறோம்: பங்குனியில் குளத்தங்கரை

கேள்வி: மகள் கோவையில் குடியிருக்கிறாள். அங்கே போகும்போதெல்லாம் காலையில் வாலாங்குளத்துக் கரையில் நடப்பேன். பறவை பார்க்க மார்கழிதான் சரி, இப்போது எல்லாம் ஊருக்குத் திரும்பிவிடும் என்கிறார் மருமகன். பங்குனியில் போனால் என்னதான் தெரியும்?
வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மருமகன் சொல்வதில் பாதி சரிங்க. வலசை வந்தவை மார்ச், ஏப்ரலில் கிளம்பத்தான் செய்யும். ஆனால் கிளம்புகிற நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம் என்பேன் நான், ஏனென்றால் மார்கழியில் பாதிப் பறவைகள் மண் நிறத்தில் ஒன்று போலவே இருக்கும், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிய வேண்டியதுதான். மாசி பிறந்ததும் ஒவ்வொன்றாக இணை தேடும் உடுப்புக்கு மாறும். நீலச்சிறகி என்று ஒரு சின்ன வாத்து, அரைக் கிலோ தேறாது, கோவைக் குளங்களுக்கு வந்து போகிறது. டிசம்பரில் அதில் ஆண் எது பெண் எது என்று எனக்கே பிடிபடாது. மார்ச்சில் பாருங்கள், ஆணின் கண்ணுக்கு மேலே ஆரம்பித்துப் பிடரி வரைக்கும் ஒரு வெள்ளைப் பட்டை, திருநீற்றை ஒற்றை விரலால் வளைத்து இழுத்த மாதிரி. சந்தேகமே வராது.

புல்லில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் மஞ்சள் வாலாட்டி குளிர்காலம் முழுக்கப் பெயருக்குத்தான் மஞ்சள், பங்குனியில் வயிறு பளிச்சென்று ஆகிவிடும். சோளக்குருவிக்கு (நம் மைனாவுக்குச் சொந்தக்காரன்) தலை கறுத்து உடம்பு ரோஜா நிறத்தில் தெளியும். அதன் பிறந்த ஊர் மத்திய ஆசியப் புல்வெளி. இந்த ஊர்க்காரர்களும் சும்மா இல்லை. உண்ணிக்கொக்கு சிலதைப் பார்த்தால் மாரியம்மன் நோன்பு முடிந்து மஞ்சள் நீராடிவிட்டு வந்தது போலத் தலையும் கழுத்தும் இருக்கும். மடையான் என்கிற குளத்துக் கொக்கின் முதுகு மெரூன் பட்டு.

அப்புறம், குளத்தை முழுசாகச் சுற்றாதீர்கள். ஆறரை மணிக்குள் கிழக்குக் கரையில் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் ஒரே இடத்தில் நில்லுங்கள். ஊருக்கு ஊர் இப்போது குளக்கரைக்குக் கல் பதிக்கிறார்கள், நடக்க வசதிதான், ஆனால் சேற்றைக் கிளறித் தின்னும் உள்ளானுக்குக் கல்லில் என்ன கிடைக்கும்? செல்ஃபி எடுக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கோரையும் சேறும் மிச்சமிருக்கிற மூலையைத் தேடிப் போங்கள்.

கேள்வி: பைனாகுலர் வாங்கலாமென்றிருக்கிறேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதுதான் நல்லதா?
கல்லூரி மாணவர், வாளையார்

பதில்: வேண்டாம் தம்பி. பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு. 8x42 போதும், எட்டு மடங்கு காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பதால் காலை மங்கலிலும் வெளிச்சம் குறையாது.

கேள்வி: எங்கள் கொல்லையில் ஒரு குருவி. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கோழி மாதிரிச் சருகைக் கிளறுகிறது. அடிபட்டதோ?
வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: அடியெல்லாம் படவில்லை, அதன் நடையே அப்படித்தான். ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரட்டை விசில் அடிப்பதால் வந்த பெயர், உங்கள் பக்கத்து மலையாளத்துக்காரர்கள் காவி என்பார்கள். குளிர்காலத்தை நம் பக்கம் கழித்துவிட்டு, கோடை மழை சமயத்தில் இமயமலை அடிவாரம் வரைக்கும் போகிற ஆள். சருகைக் கூட்டிப் பெருக்காதீர்கள், பூனையைக் கட்டி வையுங்கள், அது போதும்.

கேள்வி: விஷு வந்தால் 'சக்கைக்குப்புண்டோ' (பலாவுக்கு உப்பு உண்டா) என்று கூவுவது நம் குயில்தானே?
வாசகி, வேலந்தாவளம்

பதில்: இல்லை, இது இந்தியக் குயில், மலையாளத்தில் விஷுப்பட்சி. நம் கறுப்புக் குயில் குரலை ஏற்றிக்கொண்டே போகும், காக்கைக் கூட்டில் முட்டையிடும். விஷுப்பட்சி நாலே சுரத்தில் நிறுத்தி நிறுத்திக் கூவும், முட்டையிட அதற்குக் கரிச்சான் (இரட்டைவால் குருவி) கூடு. உடம்பு சாம்பல் நிறம், வயிற்றில் கறுப்புப் பட்டைகள். பலாமரத்தடியில் கழுத்து வலிக்க நின்றாலும் பெரும்பாலும் குரல் மட்டும்தான் கிடைக்கும்.

கேள்வி: பேரன் குளத்து வாத்துக்கு பன்னும் மிக்சரும் போடுகிறான். தப்பா?
வாசகர், எட்டிமடை

பதில்: தப்புதான். தின்றது போக மிச்சம் தண்ணீரில் அழுகும், காக்கையும் நாயும் கூடும். பேரனுக்கு வேறு வேலை கொடுங்கள். முக்குளிப்பான் என்கிற சின்ன நீர்ப்பறவை மூழ்கியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் முப்பதுக்குள் எழுந்துவிடும், ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எழாது.